காற்றுக்குப் பழகிய கை

கற்பிட்டிக்குப் போகிற வழியில், கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடைப்பந்துக்கு ஒரேயொரு வளையம்தான் இருந்தது. யுத்தம் முடிந்த கையோடு வந்த நிவாரண நிறுவனம் ஒன்று இரண்டு கம்பங்கள் தருவதாகச் சொல்லி, வடக்குப் பக்கம் ஒன்றை நட்டு, படம் பிடித்து, தன் பெயர்ப்பலகையையும் மாட்டிவிட்டுப் போனது. மற்றது இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது. அகதி முகாமில் வளர்ந்த சனத்துக்குக் கொடுத்ததை வாங்கிப் பழக்கமே தவிர, கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, இரண்டு அணியும் அந்த ஒற்றை வளையத்துக்கே எறிந்து விளையாடினார்கள்.

அவர்களில் ஃபாஹிம்தான் பேர் போனவன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த முத்தலிபின் கடைசி மகன். முத்தலிபு மற்றவர்களின் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு மருந்தடிப்பவர். மருந்து டாங்கி முதுகைத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்துத் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. மகனோ நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டான்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் அங்கே கூடைப்பந்து. மாரி தொடங்கினால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், பையன்கள் வேறு இடம் தேடிக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். கச்சான் என்றால் சும்மா காற்றல்ல, மேற்கேயிருந்து வருகிற பேய்க்காற்று. கொடியில் போட்ட சாரன் அடுத்த வளவில் கிடக்கும். வளையத்தைப் பார்த்து நின்றால் அது இடப்பக்கத்திலிருந்து வந்து பந்தை வலப்பக்கம் தள்ளும். எல்லாரும் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஃபாஹிம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். முழங்கையை வெளியே அகட்டி, வளையத்துக்கு இடப்பக்கம் வெறும் ஆகாயத்தைப் பார்த்து எறிவான். பந்து காற்றில் வளைந்து வந்து நேரே வளையத்துக்குள் விழும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பக்கத்து வீட்டு நௌஃபர் அதைப் பார்த்துப் பார்த்தே பழகினான். அவன் எறிவதைத் தூரத்தில் நின்று பார்த்தால் ஃபாஹிம் எறிகிறான் என்றே நினைக்கலாம்.

விளையாட்டுக்குப் பொறுப்பான மக்பூல் சேர் உண்மையில் கரப்பந்தாட்டக்காரர். கூடைப்பந்தில் அவருக்கு விசில் ஊத மட்டும் தெரியும். ஆனாலும் அவர்தான் ஃபாஹிமின் தலையில் அந்த ஆசையை ஏற்றிவிட்டவர். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று உயரமான பையன்களைத் தேடுகிறதாம். எடுபட்டால் விடுதியும் சாப்பாடும் படிப்பும் அவர்கள் பொறுப்பு. அங்கே ஆடி முடித்தவர்களைக் கம்பனிகள் தங்கள் அணிக்கென்று வேலைக்கே எடுத்துக்கொள்ளுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து ஃபாஹிமுக்கு ஒரே எண்ணம்தான். வாப்பாவின் டாங்கி தன் முதுகுக்கு வரக்கூடாது.

அந்த ஆண்டு ஆடி மாதம் சிலாபத்தில் ஒரு போட்டி. சீமெந்துத் தரை, இரண்டு பக்கமும் வளையம், கடல் கூப்பிடு தூரத்தில். முதல் பாதியில் இவர்களுக்கு வாய்த்தது வடக்கு வளையம். ஃபாஹிம் தொட்டதெல்லாம் பொன்னானது. சிலாபத்துப் பையன்கள் தங்களுக்குள் சிங்களத்தில் முணுமுணுத்தார்கள். மக்பூல் சேர் தான் பழக்கிய பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்ததும் பக்கம் மாறினார்கள். ஒற்றை வளையத்துப் பிள்ளைகளுக்குப் பக்கம் மாறுவது என்றால் என்னவென்று தெரியாது. இப்போது காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஃபாஹிம் வழக்கம்போல் இடப்பக்கம் பார்த்து எறிந்தான், காற்று அதை இன்னும் இடப்பக்கம் அள்ளிக்கொண்டு போனது. பலகையில்கூடப் படவில்லை. மறுபடி எறிந்தான், மறுபடியும் அதே கதை. பந்து வளையத்தை விட்டு அவ்வளவு தூரம் போனதைப் பார்த்துக் கோட்டுக்கு வெளியே நின்ற சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். நௌஃபருக்கும் அதே கதிதான், ஆனால் அவனை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. பேர் போனவன் விழுந்தால்தானே பார்க்க ருசி. மக்பூல் சேர், மத்தியானம் வயிறு முட்டத் தின்றதன் பலன் என்று எல்லார் முன்னாலும் ஏசினார்.

ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது சிலாபத்துப் பயிற்றுநர் ஃபாஹிமின் முழங்கையைப் பிடித்து விலாவோடு சேர்த்து அமுக்கினார். இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குத்தான் விளையாடலாம் என்று சிங்களத்தில் சொன்னார். சந்தைச் சிங்களம் தெரிந்த ஃபாஹிமுக்கு அது நன்றாகவே விளங்கியது. பஸ்ஸில் வீடு வரும்வரை அவன் முழங்கையை விலாவோடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்த நாளே பழைய கையை விட்டான். சொல்ல எளிது. வருடக்கணக்காய்ப் பழகிய கை விட்டுப் போகுமா? விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு, காற்று வலுக்குமுன் மைதானத்துக்குப் போவான். வளையத்துக்குக் கிட்டே நின்று ஒற்றைக் கையால் எறிவான். முழங்கை பந்துக்கு நேர் கீழே நிற்கவேண்டும். முழங்கால் மடிந்து எழும்போதே கையும் எழவேண்டும். எறிந்தபிறகு மணிக்கட்டு மடிந்து, விரல்கள் வளையத்தையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஐந்தாறு பந்து ஒரேமாதிரி விழுந்தால்தான் ஓரடி பின்னுக்குப் போவான். ஒன்று தவறினாலும் மறுபடி கிட்டே வருவான். தொலைத்தொடர்புக் கடைக் கணினியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். மாரியில் முழங்கால் தண்ணீரில் நின்றும் எறிந்தான். பந்து மிதந்து போகும், போய் எடுத்துக்கொண்டு வருவான். அடுத்த கச்சான் வருமுன் அவன் எறிவது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. காலையில் எறிந்தால் வளையத்தின் இரும்பில் படாமல் பந்து இறங்கியது.

பின்னேரங்களில் காற்றுக்குள் எறிந்தால்தான் தவறியது. பையன்களுக்குக் கொண்டாட்டம். "ஃபாஹிம் நானா போட்டோவுக்கு நிக்கிறார்" என்று கிண்டலடித்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை. நேரான கை வந்துவிட்டது, இனிக் காற்றை அளந்து எறிய மெல்லப் பழகலாம் என்று இருந்தான். நௌஃபர் மட்டும் மாறவில்லை. முழங்கையை அகட்டி, ஃபாஹிம் கழற்றிப் போட்ட அதே எறியை எறிந்து, பின்னேரம் எல்லாம் கைதட்டு வாங்கினான்.

பையன்களைத் தேர்ந்தெடுக்கக் கொழும்புக்காரர் வருவதாகச் செய்தி வந்தது. காலையிலேயே வந்துவிடுவார்கள் என்றார் மக்பூல் சேர். காலை என்றதும் ஃபாஹிமுக்கு உயிர் வந்தது. அன்று விடியற்காலை மைதானத்துக்கு முதலில் போனவன் அவன்தான். ஒரு தடவை எறிந்து பார்த்தான், கை சொன்னபடி கேட்டது.

பத்து மணியாயிற்று, அவர்களுடைய வான் வண்டி வரவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகையும் முடிந்தது. வந்த இருவரையும் கற்பிட்டியில் யாரோ நண்டுக் கறிச் சோற்றுக்கு மறித்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. கொழும்பாருக்கு எங்கள் நண்டு என்றால் உயிர். சாப்பிட்டு, கடலில் குளித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு அவர்கள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்து இறங்கியபோது மைதானத்து மணல் எழும்பிப் பறந்துகொண்டிருந்தது. ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஆளுக்குப் பத்து எறி, இருட்டமுன் நாங்கள் புறப்படவேண்டும் என்றார்.

ஃபாஹிம் மக்பூல் சேரைத் தனியே கூப்பிட்டு, நாளைக் காலை வரை நிற்கச் சொல்லிக் கேட்கும்படி கெஞ்சினான். சேருக்குக் கோபம் வந்தது. வந்த பெரிய மனிதரிடம் காற்றைப் பற்றி முறையிட்டால் பள்ளிக்கூடத்துக்கே வெட்கம் என்றார். "பந்து உள்ளுக்குப் போனாச் சரி. அதுக்குக் காலை என்ன, பின்னேரம் என்ன?"

முதல் பந்து நேராகப் போய், காற்றில் வலப்பக்கம் விலகி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நடுவில் ஃபாஹிமுக்கு மனம் ஆடிப்போனது. பழைய கைக்கே திரும்பினால் என்ன? முழங்கையை அகட்டி, ஆகாயத்தைப் பார்த்து எறிந்தான். அதுவும் போகவில்லை. கைக்கு இப்போது பழையதும் தெரியவில்லை, புதியது இந்தக் காற்றுக்குச் சரிவரவில்லை. அவன் எறிந்து முடித்தபோது கொழும்புக்காரர் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அடுத்து வந்த நௌஃபர் இடப்பக்கத்து ஆகாயத்துக்கு எறிந்தான். பந்துகள் வளைந்து வளைந்து உள்ளே விழுந்தன. ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தலையசைத்தார். நௌஃபரின் உம்மா கமீலா அன்றிரவு ஊருக்கெல்லாம் சர்க்கரைச் சோறு கொடுத்தாள்.

ஃபாஹிமுக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் கண்டுபிடித்த எறி, அவன் வேண்டாமென்று விட்ட எறி, இன்னொருவனுக்குச் சோறும் படிப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டது. ஆனாலும் நௌஃபர் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அவன் வீட்டுக்குப் போனான். கொழும்பில் மைதானத்துக்குக் கூரை இருக்கும், காற்று இருக்காது, அந்தக் கையால் எறிந்தால் ஒன்றும் உள்ளே போகாது என்று சொன்னான். சிலாபத்தில் நடந்ததை நினைவுபடுத்தினான். "இன்னும் ரெண்டு விடியக்காலை இருக்கு, வா மச்சான். கையை நேராக்கிக் காட்டுறன். மிச்சத்தை அங்க போய்ப் பழகு."

நௌஃபர் பெட்டிக்குள் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான். "உன்ட நேர்க் கைய வேணாமெண்டுதானே அவங்க போனாங்க. அதையா எனக்குப் பழக்கப் போறாய்?"

குசினியில் நின்ற கமீலா, போகிற பிள்ளையிடம் இப்படியா கதைப்பது என்று சத்தம் போட்டாள். ஃபாஹிம் எழும்பி வந்துவிட்டான். வரும் வழியில் அவன் மனதுக்குள் ஒன்றை நினைத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நௌஃபர் நோன்புப் பெருநாளைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கூரைக்குக் கீழே அவனுடைய பந்து ஒன்றும் சரிவரவில்லை. கையை மாற்றப் பார்த்தார்கள், ஒரு தவணை பொறுத்தார்கள், பிறகு கட்டிலை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அவன் ஊரில் சொல்லவில்லை. கை நோவு என்றான். கமீலாவுக்குக் காரணம் வேறு. பயணம் போகிற பிள்ளையை வீடு தேடி வந்து, பந்து உள்ளே போகாது என்று வாயால் சொன்னவன் யார்? ஃபாஹிமின் கண்ணூறு. உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள். மிளகாய் நெடியே அடிக்கவில்லை, அதுதான் அத்தாட்சி என்று ஊரெல்லாம் சொன்னாள். ஊர் நம்பியது. மக்பூல் சேர்கூட, இருக்கலாம் என்று தலையாட்டினாராம். நௌஃபர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். ஃபாஹிம் சொன்னதுதான் நடந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.

டாங்கி ஃபாஹிமின் முதுகுக்கு வந்தது. மருந்தடிக்கப் போனால் தோட்டக்காரர் சிலர், பயிரைப் பார்த்து ஒன்றும் சொல்லிவிடாதே தம்பி என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சிரிப்புக்குச் சொல்வதாகத்தான் அவர்கள் நினைப்பு. அவன் பிறகு பந்தைத் தொடவில்லை.

நௌஃபர் கலியாணம் முடித்து, அவனுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பக்கத்து வீடு, போகாமல் இருக்க முடியாது என்று ஃபாஹிமின் உம்மா அவன் கையில் பிள்ளைக்குச் சட்டையும் சவர்க்காரமும் கொடுத்து அனுப்பினாள். நௌஃபர் கதிரை போட்டான், தேத்தண்ணி வந்தது. உள்ளேயிருந்து பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்த கமீலா, கதிரையில் இருப்பது யாரென்று கண்டதும் துண்டை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். மூடியபடியே உள்ளே திரும்பிப் போனாள்.

ஃபாஹிம் நௌஃபரைப் பார்த்தான். இப்போதாவது உண்மையைச் சொல்வான் என்று காத்திருந்தான். நௌஃபர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"தேத்தண்ணி ஆறுது. குடி, மச்சான்."

குடித்துவிட்டுத்தான் எழும்பினான். நீயே சொல்லடா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. நௌஃபர் கொழும்புக்குப் புறப்படுமுன், அன்று இதே வீட்டிலிருந்து திரும்பி நடந்தபோது, இவன் தோற்றுத்தான் வரவேண்டும் என்று மனதார நினைத்தவன் அவன்தான். அதைக் கமீலா ஒருத்திதான் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள்.