தறிக்குழிக்கு நேராக ஒரு டிவி

“இன்னும் ஒரு சாண் எறக்கு” என்கிறார் பஞ்சாட்சரம், தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தபடி. எதிர்ச்சுவர் ஓரமாகக் குனிந்து நிற்கும் அவர் மனைவி அம்சா, கையிலிருக்கும் பித்தளைத் தாம்பாளத்தை ஒரு சாண் இறக்குகிறாள். இப்போதைக்குத் தாம்பாளம்தான் டிவி. அவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். பிறகு அவள் வழக்கமாக உட்காரும் வலப்பக்கத்துப் பலகைக்கு நகர்ந்து, அங்கிருந்தும் ஒருமுறை பார்க்கிறார்.

“உன் எடத்துலேர்ந்து பாதிதான் தெரியுது. கொஞ்சம் இப்பிடி நகரு.”

“நாளைக்கி டிஷ்காரன் வரத்தானே போறான்? அவன் பார்த்துக்க மாட்டானா?”

“அவனுக்கு இன்னா தெரியும்? அவன் நின்னுக்கினு பார்ப்பான். நாம குழியில குந்திக்கினு பார்க்கணும்.”

பஞ்சாட்சரம் எதையும் சாண் போட்டுத்தான் செய்வார். மகளுக்கு வரன் பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்குள் கூடத்தை அளந்துவிட்டார் என்று அவர் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுப்பதில்லை. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுவதற்காக ஒரு துண்டுப் பட்டு நூல் எந்நேரமும் அவர் காதில் செருகியிருக்கும். கல்யாண வீட்டுக்கே அப்படித்தான் போவார். காலையில் குழியில் இறங்கினால் டீ, பேப்பர், தெரு வம்பு எல்லாம் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து சேரவேண்டும். எழுந்து போவது அவருக்குப் பிடிக்காது.

அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் நெய்ய, அம்சா பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கரைக்கான நூல் கோத்த நாடாவை இழைகளுக்கு ஊடே வீசுவாள். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அம்சா எழுந்துவிடுவாள். எதிர்வீட்டு தேவகியிடம் டிவி இருக்கிறது. இருவரும் சேர்ந்து சீரியல் பார்ப்பார்கள். அவள் திரும்பும்வரை பஞ்சாட்சரம் குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எதிர்வீட்டிலிருந்து வரும் சிரிப்பைக் கேட்டபடி இருப்பார். தறி நிற்கிறதே என்று தெருவெல்லாம் புலம்புவார். உண்மையில் தறி நிற்பதைவிடப் பக்கத்துப் பலகை காலியாகக் கிடப்பதுதான் அவரைப் படுத்தும். அதைச் சொல்ல மட்டும் வாய் வராது.

இவர் வீட்டிலும் டிவி இல்லாமலில்லை. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அட்டைப்பெட்டியோடு மூலையில் இருக்கிறது, அதன்மேல் முறம். கேபிள்தான் கிடையாது. ஒரு நாள் சேலைக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தபோது, கேபிள்காரர் சிட்டிபாபுவின் ஒயர் தொய்ந்து அதன்மேல் விழுந்தது. சில இழைகள் அறுந்தன. பஞ்சாட்சரம் இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து ஒயரை அறுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. சிட்டிபாபு சைக்கிளில் போனால் இருவரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். அந்த ஆகாயத்திலிருந்தே நேராகப் படம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் பஞ்சாட்சரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஒருத்தன் தயவும் வேணாம்பா. வானத்துலேர்ந்து நேரா நம்ம வூட்டுக்கு. எல்லாம் அம்சாவுக்கோசரம்தான்.”

இதை அவர் டீக்கடையில் சொன்னார், சாயப்பட்டறையில் சொன்னார், தேவகியிடமே சொன்னார். அம்சாவை மட்டும் கேட்கவில்லை.

தென்கிழக்கே மறைப்பு இருக்கக்கூடாது என்று டிஷ்காரர் போனில் சொல்லியிருந்தார். கொல்லை முருங்கையின் பாதிக் கிளைகள் போயின. காய்களை எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், ஏதோ பிரிவு உபசாரம் போல. சுவரில் துளை போட்டால் தறியில் பாதி நெய்த சந்தனக் கலர்ச் சேலையில் தூசி விழுமென்று, பழைய வேட்டிகளைத் தேடியெடுத்துத் தறியை முழுக்கப் போர்த்தினார்.

மறுநாள் வந்த டிஷ்காரர், மொட்டைமாடி வேலையை முடித்துவிட்டு டிவியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார்.

“எல்லார் வூட்லயும் இங்கதான் சார் வெப்போம்.”

“நீ குழியில எறங்கிப் பாரு.”

அவர் தயங்கினார். பிறகு பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே ஏறிவந்து, டிவியை முக்காலிக்கு இறக்கினார். ஒயரைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவைப்பது நல்லது என்றார். பஞ்சாட்சரம் ஒயர் விஷயத்தில் அடிபட்டவர். “ஒரு சாண்கூடத் தொங்கக்கூடாது” என்று நின்று வெட்டவைத்தார். படம் வந்தது. அம்சா ஒருமுறை எட்டிப் பார்த்து, “கலரு நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு உலையைக் கவனிக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் அவரே சேனலை வைத்துவிட்டுக் குழியில் காத்திருந்தார். அம்சா விளக்கேற்றிவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள். சீரியல் தொடங்கியது. நாடாவை வீசினாள், திரையைப் பார்த்தாள், மறுபடி வீசினாள். பிறகு நாடாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டாள்.

“எங்க போற? இங்கியே ஓடிக்கினு இருக்குதே.”

“ஓடட்டுங்க. பகலெல்லாம் இந்தப் பலகைதான். அங்க போனா செத்த காலை நீட்டிக்கினு குந்துவேன். தேவகி முதுகுக்கு ஒரு தலகாணி குடுக்குறா.”

அவள் குரலில் கோபம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

சீரியல் தன்பாட்டுக்கு ஓடியது. யாரோ யாரையோ வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார்கள். எதிர்வீட்டில் அம்சா சிரித்தது இங்கே கேட்டது. பஞ்சாட்சரம் காதிலிருந்த பட்டிழையை உருவி விரலில் சுற்றினார், பிரித்தார். அப்புறம் குழியிலிருந்து ஏறிவந்தார்.

டிவியோடு முக்காலியைத் தறிக்கு முதுகு காட்டித் திருப்பி, சுவரைவிட்டுத் தள்ளி நகர்த்தினார். கொஞ்ச தூரத்திலேயே ஒயர் விறைத்துக்கொண்டது. அதற்குமேல் வரவில்லை. கிடைத்த இடத்தில் மண்டியிட்டு, சுவரிலிருந்து முக்காலிவரை சாண் போட்டு அளந்தார். தன் உயரத்துக்கு அல்ல. அம்சா காலை நீட்டினால் இடிக்காமல் இருக்கவேண்டும். சரியாகத்தான் இருந்தது. பாயைக் கொண்டுவந்து விரித்தார். பிறகு உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்துவந்து, சுவரோரமாக நிமிர்த்தி வைத்தார்.