கலைந்த சபையின் அறிக்கை

ஈப்போவில் இருந்த பெரிய தேவாலயத்தின் சமையற்கூடம் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த அடுப்பு புகையும், எந்தக் குழாயில் தண்ணீர் நூலாக வரும், எந்த அண்டாவின் காது ஆடும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். தேவாலயத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. கல்யாணமாகி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த வருஷத்திலிருந்து வட்டாரக் கூட்டத்துக்கு ஒருமுறைகூடத் தவறாமல் போயிருந்தேன். ஆனால் வாசற்படி ஏறி உள்ளே போனதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட விடுமுறையில் அந்தக் கூட்டம் நடக்கும். பாரிட் புந்தாரிலிருந்து தஞ்சோங் மாலிம் வரைக்கும் உள்ள தமிழ்ச் சபைகள் எல்லாம் வந்து கூடும். காலையில் ஆராதனை. பிறகு அந்த வருஷம் தங்களிடத்தில் நடந்ததை ஒவ்வொரு சபையும் எழுந்து வாசிக்கும். மதியம் சாப்பாடு. அதன் பிறகு ஊழியத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேச்சு. டவுன் சபைக்காரர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள். வாத்தியார், ரயில்வே ஆபீசர், ஆஸ்பத்திரி உத்தியோகம் என்று காடியில், சொந்தக் காரில், வந்து இறங்குவார்கள். நாங்கள் தோட்டத்து லோரியில் வருவோம். லோரி நின்றதும் ஆண்கள் முன்பக்கம் போவார்கள், பெண்கள் பின்பக்கம் போவோம். நிகழ்ச்சித் தாளில் எங்களுக்கும் ஒரு பெயர் இருந்தது: உணவு ஊழியம்.

உள்ளே பாடுகிற கீர்த்தனை சுவரின் மேல் துவாரம் வழியாகச் சமையற்கூடத்துக்கு வரும். வெங்காயம் உரித்துக்கொண்டே நாங்களும் பாடுவோம். கேட்டுப் பாடுவதால் எப்போதும் ஒரு வரி பின்தங்கியே இருப்போம். அப்போது எனக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. வேலை என்று நினைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எல்லாம் மாறியது. தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். வேலை குறைந்து குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. எங்கள் சபையை நடத்திவந்த உபதேசியார் வயதாகி, பாரிட் புந்தாரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரையும் அனுப்பவில்லை. எங்களுக்குத் தேவாலயம் என்று தனிக் கட்டடம் கிடையாது. பால் வெட்டப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையில் ஒரு மேசையும் சிலுவையும் வைத்துக் கும்பிட்டோம்.

அந்தச் சபையை என் கணவருடைய அண்ணன் மனைவி கையில் எடுத்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உயரமான பெண். குரல் லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியில் எழுந்தால் அந்தக் கோடியில் கேட்கும். வேதப் புத்தகத்தை விரல் வைத்து நிதானமாக வாசிப்பார். பிறகு, "நாலு வார்த்தை சொல்றேன், கேளுங்க" என்பார். அதைப் பிரசங்கம் என்று அவரும் சொல்லமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம்.

கூட்டத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த நேரத்தில் ஈப்போவிலிருந்து வட்டாரக் கமிட்டி மூப்பர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதர்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"உங்க சபைய இந்த வருஷத்தோட முடிச்சுக்கலாம்னு கமிட்டி தீர்மானம் பண்ணிருக்கு. ஆளும் கொறைஞ்சு போச்சு. நீங்க சுங்கை சிப்புட் டவுன் சபையில சேர்ந்துக்கலாம்."

அவர் ஸ்கூட்டரை உதைக்கப் போனவர், நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"ஆங், சமையலுக்கு எப்பவும் போல வந்துருங்க. வெள்ளனா வந்தா நல்லது."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

"சபை இல்ல. ஆனா சமையலுக்கு மட்டும் நாங்க இருக்கணும். அப்படித்தானே அண்ணே?"

மூப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொல்லச் சொன்னத சொல்றேன்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் எங்கள் சபைப் பெண்கள் கூடினோம். போகவே வேண்டாம் என்றார்கள் சிலர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போகலன்னா அவங்களுக்கு ரொம்ப லேசாப் போயிரும். போலாம். வெள்ளச் சேலை கட்டிக்கிட்டுப் போலாம். முன் வரிசையில உக்காருவோம். எவ கரண்டியத் தொடுறாளோ அவ என்கூடப் பேசக்கூடாது" என்றார். ஈப்போ மாதர் சங்கத் தலைவிக்கு, சமைக்க வரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பலாமா என்று நான் கேட்டேன். "மூப்பர்கிட்ட என் மூஞ்சி சொல்லிருச்சு. அது போதும்" என்றார் அக்கா.

வீட்டில் என் கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடி, "படிச்சவங்களோட எதுக்கு வம்பு? நம்பள மதிச்சுக் கூப்பிடுறாங்க, அதையும் கெடுத்துக்காதீங்க" என்றார்.

"மதிச்சு எங்க கூப்பிடுறாங்க? அடுப்படிக்கா?" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். ஆனால் கூட்டத்தன்று என் வெள்ளைச் சேலையை அவரே பெட்டி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

தேவாலய வாசலில் மாதர் சங்கத் தலைவி நின்றிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளையள், இவ்வளவு பிந்தி வாறியள்? பின்னால போங்கோ. இறைச்சி இன்னும் வெட்டேல்லை."

"நாங்க கும்பிட வந்தோம் டீச்சர்" என்றார் அக்கா.

"கும்பிடலாம், ஆர் வேண்டாம் எண்டது? முதல்ல உலையை வையுங்கோவன்."

"இன்னைக்கு உலை வைக்கல டீச்சர்."

அக்கா படியேறினார். அவர் பின்னால் நாங்கள் ஏறினோம். என் செருப்பு வழுக்கியது, அவ்வளவு பளபளப்பான தரை. உள்ளே கூரை உயரத்தில் காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. நீலமும் சிவப்புமான கண்ணாடி வழியே வெயில் விழுந்து பெஞ்சுகளில் கிடந்தது. இவ்வளவு குளிர்ச்சியான இடத்துக்குப் பக்கத்திலா இத்தனை வருஷம் புகையில் நின்றோம் என்று நினைத்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. முன் வரிசையில் உட்கார்ந்தோம். பின்னால் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. பாட்டு தொடங்கியதும் நாங்களும் சேர்ந்து தொடங்கினோம். அன்றைக்கு ஒரு வரியும் பின்தங்கவில்லை.

ஆராதனை முடிந்து அறிக்கைகள் ஆரம்பமாயின. பாரிட் புந்தார் சபை வாசித்தது. தைப்பிங் வாசித்தது. வாசித்தவர்கள் எல்லாம் கோட்டுப் போட்ட ஆண்கள். அதன் பிறகு வட்டாரத் தலைவரான போதகர் எழுந்து, எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "இச்சபை இவ்வாண்டோடு தன் ஊழியத்தை நிறைவு செய்கிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

அக்கா எழுந்து நின்றார்.

"ஐயா, நாங்க இருக்கோம்."

தலைவர் புன்னகைத்தார். "நல்லதம்மா. சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம். உட்காருங்கள்."

"இல்லைங்க ஐயா. சபை இல்லன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. இருக்குன்னு எல்லாரு முன்னாடியும்தான் சொல்லணும்."

பின் வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், "அது சரி, இன்னைக்கு சோறு யாரு ஆக்குறா?" என்று கேட்டது. சிரிப்பு கிளம்பியது. அக்காவின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "நீ சொல்லு. நான் பேசுனா கத்திருவேன்" என்றார்.

நான் எழுந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. பேச அது போதுமாக இருந்தது.

"எங்க ஆயாக் கொட்டகையில இந்த வருஷம் ஒரு ஞாயிறுகூட ஆராதனை நிக்கல. காத்துல தகரம் பறந்த அன்னைக்கும் குடைய பிடிச்சிக்கிட்டுப் பாடினோம். ஞாயிறு பள்ளி நடக்குது. சீக்காளிங்க வீட்டுக்குப் போறோம். எங்கள்ல ஒரு பெரியவரு செத்தப்போ இங்க ஆள் அனுப்பிச் சொன்னோம். போதகர் வருவார்னு பொழுது சாயுற வரைக்கும் பொணத்த வெச்சிக்கிட்டுக் காத்திருந்தோம். யாரும் வரல. அக்காதான் ஜெபம் பண்ணி மண்ணு போட்டாங்க. நாங்க எங்கேயும் போகல. நீங்கதான் வரல."

தலைவரின் புன்னகை போய்விட்டது. "அடக்க ஆராதனையைப் பெண்கள் நடத்த நம் ஒழுங்கில் இடமில்லை" என்றார்.

"பொணம் ஒழுங்கு பாத்துக்கிட்டு இருக்காதுங்க ஐயா" என்றார் அக்கா.

பாரிட் புந்தார் சபையோடு எங்கள் பழைய உபதேசியார் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஞானஸ்நான வசனம் சொல்லிக்கொடுத்தவர். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினேன். அவர் தன் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் அடுத்த சபையைக் கூப்பிட்டார். ஒரு இளைஞர் தாளோடு மேடைக்கு வந்தார். நாங்கள் உட்காரவில்லை. எங்கள் வரிசையில் மற்ற பெண்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அந்த இளைஞர் ஒரு வரி வாசித்தார். எங்களைப் பார்த்தார். திரும்ப அதே வரியை வாசித்தார். பிறகு தாளை மடித்துவிட்டு, "இவங்க நிக்கிறப்ப நான் எப்படிங்க ஐயா வாசிக்கிறது?" என்றார்.

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு செயலாளரைப் பார்த்தார். "சரி. அந்தச் சபை தொடர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்."

"எழுதுனத வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க ஐயா" என்றார் அக்கா.

செயலாளர் வாசித்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தோம்.

சாப்பாடு வெகுநேரம் கழித்து வந்தது. டீச்சரும் டவுன் பெண்கள் சிலரும் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமைத்திருந்தார்கள். பெரிய அண்டாவில் சோறு வடித்துப் பழக்கம் இல்லை. அடியில் கருகி மேலே அரிசியாக இருந்தது. பருப்பில் உப்புக் கரித்தது. ஆண்கள் முனகினார்கள். சிலர் காடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார்கள். எழுந்து போய் உதவலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. அக்கா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தச் சோற்றை நாங்கள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

கை கழுவும் இடத்தில் டீச்சர் எங்களை நிறுத்தினார். முகம் அடுப்பு வெக்கையில் கன்றியிருந்தது.

"உங்களால இண்டைக்கு எவ்வளவு சனம் பட்டினி, தெரியுமே?"

"தெரியும் டீச்சர்" என்றார் அக்கா.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கட மாதர் சங்க அறிக்கையை நான்தான் எழுதிக் குடுக்கிறனான். செயலாளர்தான் எழும்பி வாசிக்கிறவர். நான் ஒருநாளும் வாசிச்சதில்லை." சொல்லிவிட்டுச் சமையற்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். எங்களுக்கு ஆதரவாகச் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எங்களை எல்லாரும் கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. எங்களைத் திமிர் பிடித்த தோட்டத்துப் பொம்பளைகள் என்றார்கள். எங்கள் கொட்டகைக்குப் போதகர் எப்போதாவதுதான் வந்தார். ஆனால் அடுத்த வருஷம் சமையலை ஒவ்வொரு சபையும் முறைவைத்துச் செய்தது. டவுன் சபை முறை வந்தபோது ஆண்களும் மிளகாய் கிள்ளினார்கள். உணவு ஊழியம் என்ற பெயர் நிகழ்ச்சித் தாளிலிருந்து காணாமல் போனது.

எண்பதுகளில் தோட்டம் முழுக்கக் கைமாறியது. லயங்களை இடித்தார்கள், ஆயாக் கொட்டகையையும் இடித்தார்கள். நாங்கள் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்து, மலிவு விலை வீட்டின் முன்கூடத்தில் பாய் விரித்து ஆராதனையைத் தொடர்ந்தோம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் நாற்காலிகளைக் கேட்காமலே தூக்கிவந்து போடும். அக்காவுக்கு வட்டாரம் எந்தப் பதவியும் தரவில்லை. "உதவியாளர்" என்றே குறிப்பிட்டார்கள். நாங்கள் அவரை உபதேசியார் என்று, தலைவர் காதில் விழும்படியே கூப்பிட்டோம்.

ஒரு வருஷம் கூட்டத்தில் எங்கள் சபை அறிக்கையை வாசிக்க அக்கா மேடை ஏறினார். விரல் வைத்து, நிதானமாக, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்கு வேலை போனது, யாருக்காக ஜெபம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நேரம் முடிந்தது என்று மேசை மணியை அடித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.