பின்வாசல் மேவிஸ்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் மீன் வறுவல் கடையின் பின்கதவில் மூன்று தட்டு. உருளைக்கிழங்கு உரித்த கையைத் துடைத்துக்கொண்டு நான் திறப்பேன். நீல விளிம்பு போட்ட பீங்கான் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி மேவிஸ் டாட்டர்சால் நிற்பார். கிண்ணத்தின் மேல் கட்டம் போட்ட துணி. தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

“பட்டாணி இன்னிக்காவது கெட்டியா இருக்கா கண்ணு? இல்ல, போன வாரம் மாதிரி நீச்சல் அடிக்குதா?”

அடுப்புப் பக்கமிருந்து கடைக்காரர் ஸ்டான் குரல் கொடுப்பார். “மேவிஸ் ஆன்ட்டி, முன்னாடி ஒரு கதவு இருக்கு. கண்ணாடிக் கதவு. போன வருஷம்தான் போட்டேன்.”

“அது கார்ல வர்றவங்களுக்குடா. நீ வறுவலைக் கருக்காமப் பாரு.”

எங்கள் ஊர் ஆல்டர்ஷாவில் வீட்டு முன்கதவு இரண்டு காரியத்துக்குத்தான். கல்யாணப் பெண் வெளியே வரும், பிறகு ஒரு நாள் சவப்பெட்டி வெளியே வரும். மற்றதெல்லாம் பின்சந்து வழியாகத்தான். இப்போது வந்து குடியேறியவர்கள் முன்கதவில் பூந்தொட்டி வைக்கிறார்கள். மேவிஸ் வீட்டு முன்கதவின் தாழ்ப்பாள், அவர் கணவர் ஹெர்பர்ட்டின் பெட்டி போன அன்று கடைசியாகத் திறந்து மூடியது.

வயது எண்பத்தொன்று. மில் வரிசையில் கடைசி வீடு. தனியாக இருக்கிறார். நாற்பது வருடம் நெசவு மில்லில் தறியோடு நின்றதால் காது கொஞ்சம் மந்தம். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். அதனால் அவர் முன்னால் யாரும் முணுமுணுக்க முடியாது. தேநீரில் சர்க்கரையைப் போட்ட பிறகு கரண்டியை மணிக்கட்டில் ஒருமுறை தட்டிச் சூடு பார்ப்பார். ஏன் என்று கேட்டால், “ஏன்னா என்ன? சூடு பாக்கறேன்” என்பார்.

அவருடைய சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், சேப்பல் தெரு வீடுகளின் முதுகு தெரியும். ஏழு வீடுகள். ஒரு காலத்தில் ஏழும் கடைகள். இந்த வருடம் ஊர் மன்றத்துக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலும் அங்கே என்ன கடை இருந்தது என்று ஒரு பலகை பதிக்கக் கிளம்பினார்கள். தலைவர் மிஸ்டர் பாம்ஃப்ரெட், நில அளவை வேலையில் ஓய்வு பெற்றவர். வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. பழைய கடைகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் யார் என்று கேட்டார். எல்லோரும் மேவிஸைக் கைகாட்டினார்கள்.

மேவிஸ் எங்கள் கடையில் பொட்டலம் கட்டும் வெள்ளைத்தாள் ஒன்றை என்னிடம் வாங்கிப்போனார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துப் பார்த்து, ஏழு கட்டம் வரைந்து எழுதினார். இடது கோடியில் கறிக்கடை. பிறகு முடிவெட்டுபவர், பட்டாணிக் கடை, நடுவில் பில்லிங் அம்மாவின் மிட்டாய்க் கடை, அப்புறம் குடல் விற்கிற கடை, செருப்புத் தைக்கிற விட்டில் என்பவரின் கடை, வலது கோடியில் மிஸ் கிரீன்ஹால்ஜின் கம்பளி நூல் கடை.

மன்றத்துக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் சுவரில் மாட்டினார்கள். பாம்ஃப்ரெட் பழைய வியாபாரிகள் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், வீட்டு எண்ணோடு. ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் ஒப்பிட்டார்.

“மிட்டாய்க் கடை ஒண்ணுதான் சரியா இருக்குங்க, மிஸஸ் டாட்டர்சால். மத்த ஆறும் வேற இடம்.”

“எந்த ஆறு?”

“எல்லாமே.”

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு. மேவிஸ் சிரித்தவரின் உதட்டைப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய அண்ணன் மகள் லொரெய்ன் உட்கார்ந்திருந்தாள், ப்ரெஸ்டனிலிருந்து வந்தவள். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, கடலோரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் வண்ணக் கையேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள்.

அவள் கெட்டவள் இல்லை. அத்தை பாலை அலமாரியிலும் சாவியைக் குளிர்பெட்டியிலும் வைத்திருந்ததைப் போன மாதம் பார்த்துப் பயந்திருக்கிறாள். கூட்டம் முடிந்து வாசலில் வைத்து அவள் மேவிஸிடம் சொன்னதை நான் கேட்டேன். “அத்தை, நீங்க பொறந்து வளர்ந்த தெருவே உங்களுக்கு மறந்துபோச்சு. தனியா எப்படி விடறது? சனிக்கிழமை வர்றேன். அறை ஒண்ணு காலியா இருக்கு, முடிவு சொல்லணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கதவு தட்டப்படவில்லை. ஆறு ஆயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். முன்பக்கம், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, வரிசையில் மேவிஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் கிண்ணம் இல்லை. அவர் முறை வந்தும் நகரவில்லை. பின்னால் நின்ற பெண் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னே போனாள்.

“என்ன வேணும் ஆன்ட்டி?” என்றார் ஸ்டான், குரலைத் தணித்து.

“எல்லாரும் எங்க நிப்பாங்களோ அங்கதான் நிக்கிறேன்” என்றார் மேவிஸ். “லொரெய்ன் சொன்னா, எல்லாரையும் போல இருங்கன்னு. இதுக்கப்புறம் என்ன செய்யணும்?”

நான் கடையின் முன்பக்கத்துக்கு வருவதே இல்லை. பதினைந்து வயதில் படிப்பை விட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து பின்கட்டுதான். அன்று வந்தேன். அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். சேப்பல் தெரு வழியாக நடந்தோம். மேவிஸ் ஒவ்வொரு முன்கதவையும் யாரோ தெரியாதவர் முகம் போலப் பார்த்தார்.

“இது யார் வீடு? எல்லாம் ஒரே மாதிரி பச்சைக் கதவு. எனக்குள்ள என்னமோ கழண்டுபோச்சு கண்ணு. வீட்ல டப்பாவுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன். உப்புன்னு எழுதினப்புறம் நக்கிப் பாத்தேன், நான் எழுதினது நெஜமான்னு.”

தெருக்கோடியில் திரும்பி, சந்துக்குள் நுழைந்தோம். அங்கே அவர் நடை மாறியது. என் கையை விட்டார். முதல் கொல்லைச் சுவரில் ஆழமாகத் தேய்ந்த ஒரு பள்ளம். அதில் விரலை வைத்தார்.

“கறிக்கடை. இங்கதான் கத்தி தீட்டுவான். அடுத்தது முடிவெட்டறவன், முடியை இந்தச் சாக்கடையிலதான் கூட்டித் தள்ளுவான். இது பட்டாணி. துணி வெளுக்கிற கொப்பரையிலதான் வேகவைப்பா, அதான் ருசி.”

பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் பச்சைக் கதவுகளில் தொலைந்துபோன பெண் இவர்தானா என்று எனக்கே குழம்பியது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“ஆன்ட்டி, நீங்க எந்தப் பக்கத்துலேருந்து பாத்து எழுதினீங்க?”

“எந்தப் பக்கம்னா? கடைக்கு எந்தப் பக்கமா போவாங்க?” என்றார் அவர், நான்தான் புத்தி கெட்டவள் என்பது போல.

அவருடைய அம்மாவுக்கும் மில் வேலை. மில் சங்கு ஊதுவது ஐந்தரைக்கு. கடைகள் சாத்துவதும் ஐந்தரைக்கு. அம்மா வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கையில் கொடுத்து அனுப்பும்போது மணி ஐந்தே முக்கால். சாத்திய கடையின் பின்கதவை மூன்று முறை தட்டினால் திறப்பார்கள். சிறு பெண்ணாக இருந்த வருடங்களில் எந்தக் கடைக்குள்ளும் அவர் முன்வாசல் வழியாகப் போனதில்லை.

சனிக்கிழமை லொரெய்ன் வந்தபோது நான் கிண்ணம் நிறையப் பட்டாணியோடு மேவிஸ் வீட்டில் இருந்தேன். மேவிஸ்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முன்கதவைத் தட்டும் சத்தம்.

“பின்னாடி வா!” என்று மேவிஸ் கத்தினார்.

“அத்தை, காரை முன்னாடி நிறுத்தியிருக்கேன்!”

“கார் நிக்கட்டும். நீ சுத்தி வா.”

லொரெய்ன் சந்து சுற்றி வந்தாள். ஷூவில் சேறு. கையேட்டை மேஜையில் வைத்தாள். மேவிஸ், பாம்ஃப்ரெட்டிடம் கேட்டு வாங்கிவைத்திருந்த பட்டியலை அவள் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த அந்த வெள்ளைத்தாளை எடுத்து, எழுத்து வெளிப்பக்கம் இருக்கும்படி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெளிச்சம் ஊடுருவியது. எழுத்துக்கள் இடமும் வலமும் மாறித் தெரிந்தன.

“இடது பக்கத்துலேருந்து படி. பாம்ஃப்ரெட் சீட்டை வச்சுக்கிட்டுப் படி.”

லொரெய்ன் தடுமாறிப் படித்தாள். மூன்றாவது குடல் கடை. சரி. நான்காவது மிட்டாய். ஐந்து, ஆறு, ஏழு, சரி. முதல் இரண்டுக்குத் திரும்பி வந்து நின்றாள்.

“இது ரெண்டும் மாறியிருக்கு அத்தை. முதல்ல செருப்பு, அப்புறம்தான் நூல்.”

மேவிஸின் நெற்றி சுருங்கியது. ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் பயந்தேன்.

“மிஸ் கிரீன்ஹால்ஜ் எனக்கு நூல் குடுத்தது அந்தக் கோடி வாசல்லதான்” என்றார். “சத்தியமா அங்கதான். தலைமுடியை அவுத்துவிட்டு நிப்பா.” தாளின் கோடிக் கட்டத்தில் விரலை வைத்தார். “அது செருப்புத் தைக்கிற விட்டிலோட வாசலா?”

லொரெய்னின் வாய் கொஞ்சம் திறந்தது.

“அஞ்சே முக்காலுக்கு விட்டிலோட வாசல்ல அவ என்ன பண்ணிட்டிருந்தா?” என்று மேவிஸ் எங்களைக் கேட்டார். எழுபது வருடம் கழித்து அப்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. லொரெய்ன் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சாவி குளிர்பெட்டியில இருந்துச்சே?” என்றாள்.

“இருந்துச்சு. அது ஏன்னு எனக்கும் தெரியல.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கையேட்டை லொரெய்ன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். “வாரா வாரம் வருவேன். சாவியை நான் பாப்பேன்” என்று சொல்லிவிட்டு, காரை நினைத்து, பழக்கமாக முன்கதவுப் பக்கம் நடந்தாள்.

மேவிஸ் அவளுக்கு முன்னால் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாழ்ப்பாளைத் தடவினார். அது போட்டபடிதான் இருந்தது. ஆனாலும் இன்னும் ஒருமுறை அழுத்திவிட்டு, மற்ற கையால் பின்வாசலைக் காட்டினார்.