ஒரு துண்டுக் கம்பி

கெலிஓயாவில் ஒரு முன்பள்ளிக்குத் தானியங்கி கேட் பொருத்திக் கொடுத்துவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறியிருந்தேன். பேராதனையை நெருங்கும்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கம்பியைக் கழற்றினேனா?

கேட்டின் இரு பக்கத் தூண்களிலும் ஒரு சோடி உணரிக் கண்கள் உண்டு. நடுவில் யாராவது வந்தால் அவை மோட்டாரை நிறுத்தும். காலையில் ஒரு தூணின் பூச்சு காயவில்லை. கண்கள் இல்லாமலே மோட்டாரை ஓட்டிப் பார்க்க, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டிருந்தேன். அது இருக்கும்வரை கேட் யாருக்காகவும் நிற்காது. பிறகு கண்களைப் பொருத்தினேன். சோதிக்கப் போகையில், மகளுக்குக் காய்ச்சல் என்று அவளை விட்டிருந்த குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இருந்து அழைத்தார்கள். பெட்டியை மூடிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குப் பிள்ளைகள் வெளியே வருவார்கள். கணவரை மகளிடம் போகச் சொல்லிவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். கழற்றியிருந்தால் இந்த அலைச்சல் வீண். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையையும் விட்டவளாவேன்.

முன்பள்ளிக் காவலாளி அண்ணனைக் கைபேசியில் அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். சொன்ன பிறகுதான், மின்வெட்டுக்கென்று நானே பூட்டிய பேட்டரி நினைவு வந்தது. நிறுத்தினாலும் கேட் ஓடும். நான் வரும்வரை பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரரிடமும் கேட்டை ஓட்ட ஒரு ரிமோட் இருந்தது.

"கதிரையப் போட்டு வழியில உக்காந்துக்கிறேன் மிஸ். என்னைத் தாண்டி ஒரு புள்ள போகாது. வேன்காரன் ஏச்சு மட்டும் உங்களுக்கு," என்றார் அண்ணன்.

போய்ச் சேர்ந்தபோது கேட் திறந்து கிடந்தது. உள்ளே சற்றுத் தள்ளிக் கதிரையில் அவர். அவருக்குப் பின்னால் பைகளோடு பிள்ளைகள்.

"புதுக் கேட்டு போட்டும் போக வழியில்ல. பழைய சங்கிலியே தேவல," என்றார் வேன்காரர்.

பெட்டியைத் திறந்தேன். கம்பி அங்கேயே இருந்தது.

கழற்றினேன். கைப்பையை நடுவில் வைத்துக் கேட்டை மூடவிட்டேன். பாதி வழியில் நின்று திரும்பியது. இன்னும் இரண்டு முறை பார்த்தேன். அதன் பிறகே அண்ணன் எழுந்து கதிரையை ஓரமாக வைத்தார். தலைமை ஆசிரியையிடம் கம்பியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பியைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் அந்தக் கம்பியைப் போடும்போது என் வீட்டுச் சாவியையும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன்; அதை எடுக்கத் திறந்தால் கம்பியும் கண்ணில் படும். கைபேசியை வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளைப் பற்றி அழைப்பு வந்தால் என்ன செய்வது?