குழாயடிச் சண்டைக்காரி

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. வீட்டின் முன்பகுதியில் என் கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. குழந்தைகள் இல்லம் ஒன்றில் பார்த்த மூன்று வயதுச் சிறுமியை வளர்க்கக் கேட்டிருந்தோம். முதல் நாளே என் முந்தானையைப் பிடித்தவள் விடவில்லை. இவள்தான் என் மகள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்தால் போதுமா? வளர்ப்புப் பெற்றோர் என்று ஒப்புதல் கிடைக்க டாக்டர் சான்று, போலீஸ் விசாரணை, கேள்வி மேல் கேள்வி. எல்லாம் தாண்டி, கடைசியாக, நேரில் பார்த்து அறிக்கை எழுத அதிகாரியம்மா ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

எங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பான ஒருவர் சொல்ல வேண்டுமாம். கிணத்துக்கடவிலிருந்து என் அண்ணனை வரவழைத்திருந்தேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு, அந்த அம்மாவுக்கு முன்னாலேயே ஆரம்பித்தார்.

"நாளைக்குக் காது குத்தறப்போ தாய்மாமன்னு என்ற மடியில உக்கார வெப்பீங்க. என்ன சாதின்னே தெரியாத புள்ளைய நான் எப்படி அம்மணி மடியில வெக்கறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க மடிய நீங்களே பத்திரமா வெச்சுக்கங்கண்ணா. மேடம், எனக்கு அண்ணன் இல்லைன்னு எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படிப் பேசிவிட்டாயே என்பது போல் கணவர் பார்த்தார். பேசியது பேசியதுதான்.

அதிகாரியம்மா நோட்டை மூடினார். அக்கம்பக்கத்தில் விசாரிக்க எழுந்தார். போனது எந்த வீட்டுக்கு? தெருக்குழாயில் யார் குடம் முதலில் என்று என்னோடு மல்லுக்கு நின்று, வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரியிடம்! குழந்தை கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். வெட்கத்தை விட்டு மதிலோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"நாங்க பேசிக்கறதில்லீங்க மேடம். சரியான சண்டைக்காரி. ஒரு கொடம் தண்ணிக்கே தெருவைக் கூட்டிப்போடுவா. அவ ஊட்டுப் புள்ளையை எவனாச்சும் ஒரு சொல்லு சொல்லிப்போட முடியுங்களா? தாராளமாக் குடுங்க. அண்ணங்காரன் கத்துனதையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவரு இல்லாட்டிப் போகுது, ஏதாச்சும்னா நான் பாத்துக்கறனுங்க."

அவளும் ஒட்டுக்கேட்டிருக்கிறாள்! மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அடுத்த மாதமே ஒப்புதல் வந்தது. மகளுக்குக் காது குத்தியபோது அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் மடியில்தான் உட்கார வைத்தோம். மறுநாள் காலை குழாயடியில் அவள் குடத்தை நான் நகர்த்தப்போய், மறுபடியும் சண்டை.

'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா?' என்று இன்றும் யாராவது எனக்குப் புத்தி சொன்னால், மகளைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்; அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்துப் போயிருந்தால் இவள் எனக்குக் கிடைத்திருப்பாளா?