பௌர்ணமிக்கு மறுநாள் லீவு

போன வாரம் நான் படித்த பெண்கள் பள்ளியிலிருந்து போன். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீனியர் அக்காவைப் பிடித்துக் கொடுக்கும் நாளாம். வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

மைக் கிடைத்தால் நான் விடுவேனா?

"நாங்கல்லாம் ஜூனியர்ஸை எப்படிப் பார்த்துக்கிட்டோம் தெரியுமா..." என்று ஆரம்பித்து பத்து நிமிடம் வெளுத்து வாங்கினேன். செம கைதட்டல். அப்போதுதான் பார்த்தேன் — பிளஸ் டூ வரிசையின் கடைசியில், கைதட்டியபடி சிரிக்கிற ஒரு முகம்.

கௌசல்யா.



நான் பத்தாவது படித்தபோது அவள் ஆறாவது. கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தில் ஐந்தாவது முடித்துவிட்டு டவுனுக்கு வந்தவள். அவளுக்கு நான்தான் அக்கா. எந்த பெல்லுக்கு எங்கே போக வேண்டும், எந்த டீச்சர் நோட்டுக்கு அட்டை போடாவிட்டால் திட்டுவார்... எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். அவளும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அதிகம் கேட்டது ஒன்றைத்தான் — "அக்கா, கோ-கோ செலக்‌ஷன் எப்போக்கா?"

கிரிவலக் கூட்டத்துக்குள் சந்து பார்த்து ஓடிப் பழகிய கால் அது. சும்மா இருக்குமா?

இன்டர்வெல் விட்டால் என் வகுப்பு வாசலில் நிற்பாள். "ஏய், உன் வாலு வந்துடுச்சுடி!" என்று தோழிகள் கத்துவார்கள். எனக்கு மானம் போகும்.

ஒருநாள் அப்படித்தான் வந்தாள். "அக்கா, நாளைக்கு பௌர்ணமி. எங்க பக்கம் பஸ்ஸ நிறுத்திடுவாங்க. கூட்டம் கலையவே மறுநாள் ஆயிடும். அன்னைக்கு ஸ்கூல் உண்டாக்கா?"

"டவுன் ஸ்கூல்ல பௌர்ணமிக்கு மறுநாள் எப்பவுமே லீவு. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

சிரிக்காமல் சொன்னேன். அவள் போனதும் வகுப்பே உருண்டு சிரித்தது. சாயங்காலத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறந்துவிட்டேன். மறந்தேனா... விட்டுவிட்டேனா?

அந்த பௌர்ணமிக்கு மறுநாள்தான் கோ-கோ செலக்‌ஷன். தேதி நோட்டீஸ் போர்டில் இருந்திருக்கிறது. அக்கா என்ற பட்டம் வாங்கிய நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பி.டி. மிஸ் அவளை வராந்தாவில் நிறுத்தி, "நேத்து எங்கடி போன?" என்று சத்தம் போட்டார். நான் தூணுக்குப் பக்கத்தில். கௌசல்யா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"காய்ச்சல் மிஸ்."

அதன் பிறகு அவள் என் வகுப்பு வாசலுக்கு வரவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த 'அப்பாடா'தான் இன்றைக்குக் குத்துகிறது.

கூட்டம் முடிந்ததும் அவளிடம் போனேன். "கௌசி, அன்னைக்கு நான்..."

"அட விடுங்கக்கா! எந்தக் காலத்துக் கதை."

"அடுத்த வருஷம் டீம்ல எடுத்தாங்களா?"

"இல்லக்கா. ஏற்கெனவே ஆளுங்க ஜாஸ்தின்னுட்டாங்க. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

திட்டியிருக்கலாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தனக்குக் கிடைத்த ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, மொதல்ல இதத் தெரிஞ்சுக்கோ. பௌர்ணமிக்கு மறுநாள் ஸ்கூல் உண்டு. யாரு லீவுன்னு சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. ஆபீஸ் ரூம்ல போய்க் கேளு."

"அப்படியெல்லாம் யாருக்கா சொல்லுவாங்க?"

கௌசல்யா என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லுவாங்க... சும்மா, வெளாட்டுக்கு."

இரண்டாவது தடவையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து நிமிடம் மைக்கில் ஓடிய வாய் அப்போது மட்டும் திறக்கவே இல்லை.

அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன் பாப்பா — நான்தான்.