இவருக்குப் பதில் இவர்

என் சித்தி சென்னையில் டிவி சீரியலுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏரியூரில் எங்கள் தெருவுக்கே அது பெருமை. எனக்கோ ஓயாத குடைச்சல். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தவள் நம் வீட்டு ஆள் என்றால் ஒன்பது வயதுக்காரிக்குத் தூக்கம் வருமா? ஊருக்கு வரும்போதெல்லாம் நச்சரிப்பேன். "எனக்கே தெரியாதுடி" என்பாள். காலையில் எழுதுவதை மத்தியானம் எடுப்பார்களாம். நடிக்கிறவர் திடீரென்று லீவு கேட்டால் அவரை டெல்லிக்கு அனுப்புவதோ, கோமாவில் படுக்க வைப்பதோ சித்தியின் பொறுப்பாம். ஆள் ஒரேயடியாக நின்றுவிட்டால் வேறொருவரைப் போட்டு, கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு அப்படியொரு சந்தோஷம். கதையில் இருக்கிற யாருக்கும் வித்தியாசமே தெரியாது. பெண்டாட்டி பாட்டுக்குப் புது ஆளுக்குக் காபி கொடுப்பாள்.

ஒருமுறை சித்தி கையில் மாவுக்கட்டோடு வந்தாள். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். அதற்கு முந்தின தடவை உதடு கிழிந்ததும் அதே பாத்ரூமில்தான். சித்தப்பா அவளோடு வரவில்லை; அப்புறம் வரவே இல்லை. ஏன் என்று கேட்டால், "வாய மூடிக்கிட்டுக் களியத் தின்னு" என்பாள் அம்மா.

மறு வருஷம் சித்தி வேறொருவரை அழைத்துக்கொண்டு வந்தாள். அதே சீரியலில் எடிட்டிங் செய்கிறவர். சித்தி அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள், தாத்தா சரி என்றால்தான் நடக்கும் என்று அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். தாத்தா என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் அப்பா. அவரோ வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி காபியைக் கொண்டுவந்து தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, வந்தவரிடமும் நீட்டினாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"தாத்தா, சித்தப்பாவுக்குப் பதில் இவர்" என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளித் திருகினாள். தாத்தா மட்டும் திரும்பி, "ஆளு மாறுனா கதை மாறுமாடி?" என்று கேட்டார். பெரிய மனுஷர் நம்மிடம் சந்தேகம் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே மிதப்பு.

"மாறாது தாத்தா. அதே கதைதான். சித்தியே சொல்லியிருக்கு."

சித்தியின் முகம் செத்துவிட்டது. தாத்தா காபியைக் கீழே வைத்தார்.

"தம்பி, உங்களுக்குக் கோவம் வருமா?"

"வருங்க."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எந்திரிச்சி வெளிய போயிடுவேங்க. நடந்துட்டு வந்தா சரியாப் போயிடும்."

"போன வாரங்கூட ஒரு சீனுக்காகச் சண்டை வந்து போரூர் வரைக்கும் நடந்தாருப்பா" என்றாள் சித்தி.

"யாரு மேல கோவம்?"

"என் மேலதான்" என்றாள் சித்தி.

தாத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்துவிட்டு, "நல்ல நாளாப் பாருங்க" என்று அம்மாவிடம் சொன்னார். சித்தி அடுப்படிக்குள் போய் அழுதாள். கல்யாணம் கூடிவந்ததற்கு எதற்கு அழுகை என்று நான் அங்கேயும் எட்டிப் பார்த்தேன்.

எனக்குத்தான் ஆறவேயில்லை. பக்கத்து வீட்டு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறதா என்று குடைந்தெடுத்தவர் இதே தாத்தாதான். இவரிடம் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், மாப்பிள்ளைக்கு நடக்கத் தெரிந்தால் போதுமா என்று கேட்டேன்.

"போதும்டி" என்றாள் அம்மா.

நடக்கிற ஆளுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சமா, இதற்குப் போய்ச் சென்னை வரைக்கும் தேட வேண்டுமா என்று எனக்கு அன்றைக்கு ஒரே எரிச்சல்.